அஞ்சாப்புச் சத்தம்

பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்கு எதிரே இருக்கும் மோட்டார் வைண்டிங் பட்டறையை நான் ஒரே ஒரு திருப்புளியோடு ஆரம்பித்தேன். இன்றைக்கு எங்கள் சுற்றுவட்டாரத்தில் ஓடுகிற ஆழ்துளைக் கிணற்று மோட்டார்களில் பாதிக்கு உள்ளே இருப்பது நான் சுற்றிய கம்பி. (மீதிப் பாதியும் ஒருநாள் புகைந்து என்னிடம்தான் வரும்.) சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயலில் கிளி இறங்காமல் இருக்க, காற்றடித்தால் தானாகக் கத்துகிற தகரப் பெட்டி செய்துகொடுத்தேன். கிளிகள் போய்விட்டன. அங்கே சினிமாப் படம் எடுக்க வந்தவர்களும் இரண்டே நாளில் போய்விட்டார்கள். கோயில் கொடைத் திருவிழாக்களுக்கு மைக் செட் ஆம்பிளிபயர் எத்தனை செய்தேன் என்று எனக்கே நினைவில்லை. எதையும் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. புத்தகம் பார்த்தும் செய்யவில்லை. இத்தனையும் செய்தவன் கடைசியில் ஒரு வால்யூம் குமிழிடம் மாட்டிக்கொண்டேன்.

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதையும் முடிக்கவில்லை. பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை ஒப்பிக்கச் சொன்ன அன்று பள்ளிக்கூடத்துச் சுவரேறிக் குதித்தவன், அப்புறம் திரும்பிப் பார்க்கவே இல்லை. இதைச் சொல்ல இப்போது எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் என் மகள் உலகேஸ்வரிக்கு மாப்பிள்ளை பேசப் போன அன்று இருந்தது.

உலகு ஒரு கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் பாடம் எடுக்கிறாள். அங்கேயே வேலை பார்க்கும் பிரபாகரும் அவளும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். பிரபாகரின் அப்பா ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், குற்றாலத்தில் வீடு. ஊரே அவரைச் சார்வாள் என்றுதான் கூப்பிடும். முதல் தடவை போனபோது காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, "அண்ணாச்சி எங்கன படிச்சிய?" என்று கேட்டார். சுவரெல்லாம் பட்டம் வாங்கிய போட்டோக்கள். கறுப்பு அங்கி போட்ட அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள்.

"அந்தக் காலத்து டிப்ளமா சார்வாள்," என்று சொல்லிவிட்டேன்.

என் மனைவிக்குக் காப்பி புரையேறியது.

சார்வாள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றார். அத்தோடு கிளம்பியிருக்கலாம். ஆனால் என் கண் அவருடைய சுவர் அலமாரிக்குப் போய்விட்டது. அவர் தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்த பெரிய பவர் ஆம்பிளிபயர், ஆள் உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள். ஆனால் அதற்கு முன்னால் இருக்க வேண்டிய ப்ரீஆம்ப், அதாவது பாட்டை வாங்கிச் சத்தத்தை அளந்து அனுப்புகிற பெட்டி, சாரல் ஈரத்தில் கெட்டுப்போய்க் கிடந்தது. குமிழைத் தொட்டால் அப்பளம் நொறுங்குகிற சத்தம்தான் வந்தது.

"நான் புதுசாவே செஞ்சு தாரேன் சார்வாள்," என்றேன். டிப்ளமாக்காரன் அல்லவா.

"அப்ப அது வார அன்னைக்கே நம்ம விஷயத்தையும் பேசி முடிச்சிருவோம்," என்றார் அவர். ஆக, என் மகள் கல்யாணம் ஒரு தகரப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதை அங்கே உட்கார வைத்தவன் நான்தான்.

வீட்டுக்கு வந்ததும் உலகு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"யப்பா, இது கொடை மைக் செட்டு இல்ல. பேலன்ஸ்டு லைன். ஒரு ஸ்பீக்கருக்கு ரெண்டு கம்பி. ஒண்ணுல பாட்டு நேரா போவும், இன்னொண்ணுல அதே பாட்டு தலைகீழா போவும். கடைசில ஒண்ணுலேருந்து இன்னொண்ணக் கழிச்சா பாட்டு ரெட்டிப்பாவும், வழியில ஒட்டுன இரைச்சல் அடிபட்டுப் போவும்."

"தெரியும்ளா," என்றேன். (தெரியாது.)

இரண்டு ஸ்பீக்கருக்கு நாலு கம்பி. நாலிலும் சத்தம் ஒரே அளவு குறைந்தால்தான் இரைச்சல் சுத்தமாக அடிபடும். எல்லாச் சிக்கலும் இந்த இடத்தில்தான். உலகு வரிசையாகச் சொன்னாள். நாலடுக்கு வால்யூம் கண்ட்ரோல் போடலாம், ஆனால் நாலும் ஒன்றுபோல இருக்காது, சத்தத்தைக் குறைத்து வைத்தால் ஒரு பக்கம் இழுக்கும். படிப்படியாகத் திரும்புகிற ஸ்விட்ச் வைத்துப் படிக்குப் படி ரெசிஸ்டர் பற்றவைக்கலாம், நன்றாக இருக்கும், ஆனால் வைத்து முடிப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். சத்தத்தைக் குறைக்கிற சிப்பும் ரிமோட்டோடு கிடைக்கிறது.

"நான் சொல்லுதது ரிலே, கரண்டு குடுத்தா தானா மாறுத சுவிச்சு. சின்னச் சின்ன ரிலே, மூடி போட்டது, சாரல் உள்ள போகாது. டிக்கு டிக்குன்னு மாறும்."

"சார்வாள் கண்ண மூடிப் பாட்டுக் கேக்கையில பல்லி கத்தணுமாக்கும்?"

"பின்ன நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். நாலு கம்பியையும் தனித்தனியாக நெரிப்பானேன்? தண்ணீர் மோட்டாரில் மேல்தொட்டிக்குப் போகும் குழாயைத் திருகி நெரிக்காமல், பக்கத்தில் பைபாஸ் வால்வு வைத்துக் கொஞ்சத்தைக் கிணற்றுக்கே திருப்பிவிடுவோம். அதைத் திறக்கத் திறக்க மேலே போவது குறையும். அதுபோல நேர்க் கம்பிக்கும் தலைகீழ்க் கம்பிக்கும் நடுவே ஒரு கண்ட்ரோலைக் குறுக்கே போட்டால், இரண்டும் நடுவில் சந்தித்து ஒன்றையொன்று தின்றுவிடும். சத்தம் குறையும். ஸ்பீக்கருக்கு ஒன்று என்றால் இரண்டடுக்கு போதும். அது எந்த ரேடியோக் கடையிலும் கிடைக்கும்.

உலகு கொஞ்ச நேரம் கணக்குப் போட்டாள். "கம்பிக்கு ஒரு ரெசிஸ்டர் முன்னால போட்டா சரியாத்தான் வருது. இப்படி ஒரு முறை ஏற்கெனவே இருக்கு யப்பா."

(நான் கண்டுபிடித்ததை எனக்கு முன்னாலேயே ஒருவன் கண்டுபிடித்தால் அது அவன் தப்பு.)

"ஆனா ஒண்ணு. கண்ட்ரோலுக்குப் போற கம்பி விட்டுப்போச்சுன்னா உங்க பைபாஸ் அடைச்சிரும். முழுச் சத்தமும் அப்படியே வரும், குமிழத் திருகினாலும் ஒண்ணும் நடக்காது. கம்பிய நேரா பத்தவச்சிருங்க. சொருகுத சாக்கெட்டு மட்டும் போட்டுறாதீங்க."

சாக்கெட் போட்டேன். முன்பலகையைக் கழற்றி உள்ளே இருக்கும் அழகை நாலு பேருக்குக் காட்ட வேண்டாமா? டிரான்ஸ்பார்மரை என் கையால் சுற்றியிருந்தேன். காதை ஒட்டிவைத்துக் கேட்டாலும் உறுமல் வராது. பெட்டியைச் சார்வாள் அலமாரிக்கு அளவெடுத்து, ஒரு நூல் இடைவெளி இல்லாமல் அடித்திருந்தேன். அதையெல்லாம் ஆணியடித்து மூடுவதற்கு எனக்கு மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, சாரல் தூறிக்கொண்டிருந்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தென்காசி வரை பஸ்ஸிலும் அங்கிருந்து ஆட்டோவிலும் போனேன். மனைவியும் உலகும் பக்கத்தில். பெட்டி அலமாரிக்குள் உறைக்குள் கத்தி மாதிரி நுழைந்தது. சார்வாள் ஒரு நாதஸ்வர சிடியைப் போட்டார். நான் குமிழை மெதுவாகத் திறந்தேன். அடடா, அந்த முதல் பத்து நிமிடத்தை யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். சார்வாள் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டார். பிரபாகர் உலகைப் பார்த்தான். உலகு என்னைப் பார்த்தாள். என் மனைவிகூட என்னை மரியாதையாகப் பார்த்த மாதிரி இருந்தது.

"ரொம்பச் சுத்தமா இருக்கு அண்ணாச்சி," என்றார் சார்வாள். "நம்ம ஊரு சாரலுக்குத் தாங்குமா?"

தாங்கும் என்று சொல்லியிருந்தால் போதும்.

"யானை ஏறி நின்னாலும் தாங்கும் சார்வாள்," என்று பெட்டி மண்டையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன்.

எங்கள் பட்டறையில் ஓடாத மோட்டாரைத் தட்டினால் ஓடும். ஓடிக்கொண்டிருப்பதைத் தட்டினால் என்ன ஆகும் என்று அதுவரை நான் சோதித்ததில்லை.

உள்ளே சாக்கெட் கழன்றது. உலகு சொன்னபடியே பைபாஸ் அடைத்துக்கொண்டது. அலமாரிக்குள்ளிருந்து நாலு கோயில் திருவிழா ஒன்றாகப் புறப்பட்டு வந்தது. தவில் அடி ஒவ்வொன்றும் என் நெஞ்சில் விழுந்தது. டம்ளர்கள் மேஜை மேல் நடந்தன. சுவரில் ஒரு பட்டதாரி தலைகீழாகத் தொங்கினார். மதில்மேல் உட்கார்ந்திருந்த குரங்கு கையிலிருந்த வாழைப்பழத்தைப் போட்டுவிட்டு ஓடியது. (குற்றாலத்துக் குரங்கு பழத்தை விட்டுவிட்டு ஓடியதை வேறு யாராவது பார்த்திருந்தால் சொல்லட்டும்.)

குமிழை இடப்பக்கம் திருகினேன். வலப்பக்கம் திருகினேன். குமிழ் கையோடு வந்துவிட்டது. ஸ்விட்ச் பெட்டிக்குப் பின்னால் இருந்தது. ஒரு நூல் இடைவெளி இல்லாமல் அடித்த பெட்டி வெளியே வர மறுத்தது. பிரபாகர் பிளக்கைத் தேடிப் பவர் ஆம்பிளிபயருக்குப் பக்கத்துச் சந்துக்குள் கையை விட்டு, கையை வெளியே எடுக்க முடியாமல் நின்றான். சார்வாள் ரிமோட்டை எடுத்து, தெருநாயை விரட்டுவது போல நீட்டி நீட்டி அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. உலகு வாசலுக்கு ஓடி மெயினை அணைத்தாள். விளக்கு போயிற்று, மின்விசிறி போயிற்று, நாதஸ்வரம் போகவில்லை. கரண்டு போனாலும் பாட்டு நிற்கக்கூடாது என்று சார்வாள் அதை மட்டும் இன்வர்ட்டரில் கொடுத்து வைத்திருந்தார்.

அவர் ரிமோட்டோடு என் பக்கத்தில் வந்து, காதுக்குள் வாயை வைத்துக் கத்தினார். "எந்தக் காலேஜுல படிச்சிய இத?"

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. இந்தச் சத்தத்தில் நான் எதைச் சொன்னாலும் ஒருவருக்கும் கேட்கப்போவதில்லை. அந்த டிப்ளமா எத்தனை வாரமாக என் தொண்டையில் நின்றது என்று எனக்குத்தான் தெரியும். பெட்டி செய்கிற நேரமெல்லாம் அதுதான் நினைப்பு. இறக்கி வைக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"காலேஜும் இல்ல, டிப்ளமாவும் இல்ல, நான் அஞ்சாப்பே முடிக்கல சார்வாள்."

உலகு இன்வர்ட்டர் ஸ்விட்சைக் கண்டுபிடித்தது "டிப்ளமாவும் இல்ல" என்பதற்கும் "நான்" என்பதற்கும் நடுவில்.

மிச்சம் முழுவதும் தெளிவாக, எதிரொலியோடு, அந்தத் தெருவுக்கே கேட்டது. என் மனைவி தரையில் எதையோ தேடினாள். நான் குமிழைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உலகு வாசலில் அசையாமல் நின்றதைப் பார்த்தபோதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது. குதிக்கலாமென்றால் இந்தத் தடவை சுவர் உயரம்.

பேசியது, அடுக்களையிலிருந்து ஓடிவந்த சார்வாளின் மனைவி.

"ஏங்க, கையில என்ன வச்சிருக்கிய?"

"ரிமோட்டு."

"அது டிவி ரிமோட்டுல்லா. சிடி ரிமோட்டு உங்க நாக்காலிக்கு அடியில கெடக்கு."

சார்வாள் கையைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அண்ணாச்சி, நான் எம்.எஸ்சி., எம்.எட். பிள்ளைகளுக்கு பிசிக்ஸ் எடுத்தவன். டிவி ரிமோட்ட வச்சு நாதஸ்வரத்த நிறுத்தப் பாத்துக்கிட்டு நின்னுருக்கேன். உங்க அஞ்சாப்பாவது ஒரு பெட்டி செஞ்சுதுல்லா."

"டிப்ளமான்னு சொன்னது தப்புதான் சார்வாள்."

"அத விடுங்க. மொதல்ல எம் பையன் கைய அந்தச் சந்துலேருந்து எடுத்துக் குடுங்க."

எடுத்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேல் தலையை நீட்டினார். "என்ன சார்வாள், மேளச் சத்தம் பலமா இருந்துச்சு. நிச்சயதார்த்தமா? ஒரு வார்த்த சொல்லலையே."

சார்வாள் பிரபாகரைப் பார்த்தார், உலகைப் பார்த்தார், கடைசியாகக் குமிழோடு நின்ற என்னைப் பார்த்தார்.

"இப்பத்தான் முடிஞ்சுது," என்றார். "உள்ள வாங்க, காப்பி குடிக்கலாம்."

அன்று மதியம் வீட்டுக்கு வந்து நான் தூங்கிய தூக்கம் மாதிரி அதற்கு முன்னும் தூங்கியதில்லை, பின்னும் இல்லை. காதில் மூன்று நாள் தவில் அடித்தது. ஆனால் தொண்டை காலியாக இருந்தது. "கல்யாணப் பத்திரிகையில உங்க பேருக்குப் பின்னால என்ன போடுவியளோன்னு பயந்துகிட்டே கெடந்தேன்," என்று என் மனைவி சொன்னபோதுதான், அவளும் அதைச் சுமந்துகொண்டு அலைந்தாள் என்று தெரிந்தது.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அன்றிலிருந்து இரண்டு வீட்டிலும் முழுச் சத்தத்துக்குப் பெயர் அஞ்சாப்பு. டிவி அலறினால், "யாரு அஞ்சாப்புல வச்சது?" என்று கேட்கிறார்கள். நான் போனில் பேச ஆரம்பித்தால் மாப்பிள்ளை, "மாமா, கொஞ்சம் ரெண்டாப்புக்கு எறங்குங்க," என்கிறார். சார்வாள் மட்டும் ரிமோட் பேச்சு வந்தால் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுகிறார்.

உலகு என் பைபாஸை எடுத்துவிட்டு ரிலே வைத்தாள். (நன்றாகத்தான் இருக்கிறது. பல்லிச் சத்தம் நாலு நாளில் பழகிவிடும்.) மாப்பிள்ளை முன்பலகையில் "வடிவமைப்பு: உலகேஸ்வரி" என்று அழகாகப் பொறித்து மாட்டியிருக்கிறார். சந்தோஷம். ஆனால் நான் கேட்கிறேன், அந்தப் பெட்டியை அடித்தது யார்? இன்றுவரை உறுமாத அந்த டிரான்ஸ்பார்மரைச் சுற்றியது யார்? அது தட்டு வாங்கிக் கத்தாமல் இருந்திருந்தால் சார்வாள் இன்னும் யோசித்துக்கொண்டுதானே இருப்பார்? உலகு பெயருக்குக் கீழே என் பெயரும் வரவேண்டும். போன வாரம் போயிருந்தபோது பலகையில் இரண்டு துளை போட்டுவிட்டு வந்திருக்கிறேன். பெயர்த் தகடு மட்டும்தான் பாக்கி. "சுடலைமுத்து, அஞ்சாப்பு" என்று வெட்டினால் போதும். படிப்பை விட்டுவிடக் கூடாது.