இரண்டு நாளைக்கு என்று விட்டுப்போன கிரேன்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் ஆசிகளுடன் எழுதுவது. இங்கு நானும் உன் அக்காவும் நலம். உன் கிரேனும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். வீட்டுப் பக்கத்தில் கிரேன் இல்லாதவர்கள் எல்லாருமே நலமாகத்தான் இருக்கிறார்கள்.

"ரெண்டே நாள் அத்தான், மூணாம் நாள் வந்து எடுத்துட்டுப் போயிடறேன்" என்று சொல்லி, எங்கள் வீட்டுக்கும் பல் டாக்டர் வீட்டுக்கும் நடுவிலிருக்கும் காலி மனையில் அதை நிறுத்திவிட்டுப் போனாய். எட்டு மாதம் ஆகிறது. முப்பத்திரண்டு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான். ஓய்வுக் காலத்தில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு செய்தித்தாளில் பிழை கண்டுபிடித்துக்கொண்டிருக்க வேண்டியவனை இந்தப் பாடு படுத்துகிறாயே! கிரேனின் பின்னால் அலைவது உன் அக்காதான். எனக்கு அதில் துளியும் அக்கறை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஏதோ கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். நீ வாங்கியது ஒரு வண்டி இல்லை, இரண்டு. கீழே இருப்பது பீரங்கி இழுக்க இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் செய்த ராணுவ லாரி. மேலே உட்கார்ந்திருக்கும் கிரேன், போர் முடிந்து ஒன்பது வருடம் கழித்து ஒரு துறைமுகப் பட்டறையில் பிறந்தது. யாரோ இரண்டுக்கும் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். அதனால் எஞ்சினும் இரண்டு, ஓட்டுகிற அறையும் இரண்டு. கீழே இருப்பவர் லாரியை ஓட்ட வேண்டும், மேலே இருப்பவர் பாரத்தைத் தூக்க வேண்டும், ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழாது. நாற்பது வருடம் குடித்தனம் நடத்தியவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. இப்போது வருகிற கிரேன்களைப் போலக் குழாய்க்குள் குழாயாக நீளும் கை இதற்குக் கிடையாது. இரும்புக் கம்பிகளை ஏணி மாதிரி குறுக்கும் நெடுக்கும் பின்னிய முப்பதடிக் கை. குப்புற விழாமலிருக்க வாலில் மூன்று டன் இரும்புக் கட்டி. சாயாமலிருக்க நான்கு கால்கள். அவற்றையும் கையால் திருகித்தான் இறக்க வேண்டும், காலுக்கு நூற்றிருபது சுற்று. துறைமுகத்தில் பதினோரு வருடம் இருந்தது, பிறகு பாலம் கட்டுமிடத்தில், பிறகு ஒரு சர்க்கஸில் கூடாரக் கம்பம் நட்டுக்கொண்டு ஆறு வருடம். சர்க்கஸ்காரர்கள் அடித்த மஞ்சளைச் சுரண்டினால் துறைமுகத்துப் பச்சை, அதையும் சுரண்டினால் ராணுவக் காக்கி. யார் சுரண்டியது என்று கேட்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை காலை, குறுக்கே வந்த நாய்க்கு வழிவிட்ட ரொட்டிக்கடை வேன், மனையோரம் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தில் இறங்கிவிட்டது. அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்துகொண்டதில் இரண்டு பக்கக் கதவும் திறக்கவில்லை. பின்பக்கம் ரொட்டித் தட்டுகள் சரிந்து அடைத்துவிட்டன. உள்ளே டிரைவர். பெட்ரோல் வாசனை வேறு. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தால் வர முக்கால் மணி நேரம் ஆகும் என்கிறார்கள். உன் அக்கா என்னைப் பார்த்தாள், நான் கிரேனைப் பார்த்தேன். பள்ளம் தோண்ட வந்தவர்கள் நான்கு பேர் கால்களைத் திருகி இறக்கி, வேனுக்கு அடியில் சங்கிலி கொடுத்துக் கட்டினார்கள். உன் அக்கா மேலறையில் ஏறிவிட்டாள். நான் ஏறச் சொன்னேனா, அவளாக ஏறினாளா என்பது இப்போது முக்கியமில்லை.

கதவு திறக்கிற அளவுக்கு, இரண்டடி தூக்கினால் போதும். நான் கீழே நின்று "போதும்! போதும்!" என்று கத்தினேன். எஞ்சின் சத்தத்தில் அது அவள் காதில் "போகட்டும், போகட்டும்" என்று விழுந்திருக்கிறது. வேன் போய்க்கொண்டே இருந்தது. பல் டாக்டர் மாடி பால்கனிக்கு நேராகப் போய்த்தான் நின்றது. கிரேனின் நிழல் பால்கனியில் விழுகிறது என்று இரண்டு முறை மனு எழுதியவர் அவர். இப்போது நிழலோடு வேனும் வந்துவிட்டது.

"என்னங்க, இறங்க மாட்டேங்குது!" என்றாள் உன் அக்கா மேலிருந்து.

கம்பிவடம் சுற்றும் உருளை நழுவாமல் பிடித்துக்கொள்ள ஓர் இரும்பு நாக்கு உண்டு. அது உருளையின் பல்லில் விழுந்து பூட்டிக்கொண்டது. வண்டியோடு வந்த தமிழ்க் கையேட்டைப் பிரித்தேன். ஒரு மனிதன் அந்தரத்தில் தொங்குகிறான், நானோ பக்கம் புரட்டிக்கொண்டிருக்கிறேன். மேலேயோ பால்கனியில் நின்ற டாக்டரோடு பேச்சு வேறு மாதிரி போய்க்கொண்டிருந்தது.

"சார், நீங்க பல் டாக்டரா? ஒரு மாசமா வலி சார்" என்கிறார் டிரைவர்.

"வாயை நல்லாத் திறங்க. வெளிச்சத்துப் பக்கம் திரும்புங்க… கடைவாய்ப் பல் போயிருக்கு. இறங்கினதும் வாங்க."

"இறங்குவேனா சார்?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் நாற்பத்து மூன்றாம் பக்கத்தைப் பார்த்தேன். "நாக்கை விடுவிக்கும் முன் சுமையைச் சிறிதும் உயர்த்தாதே" என்றிருந்தது. பக்கத்திலேயே படம், அதில் அம்புக்குறி மேலே பார்க்கிறது. படம் வரைந்தவன் பொய் சொல்ல மாட்டான் மச்சான், அச்செழுத்துக் கோத்தவன்தான் சொல்வான். அது "சிறிது உயர்த்து"! பென்சிலால் அடித்துத் திருத்தி, ஏணியில் ஏறி, அவள் காதருகே கத்தினேன்: "கொஞ்சூண்டு தூக்கு! தூக்கிட்டு நாக்கை விடு!" அவள் தூக்கினாள். நாக்கு "டக்" என்று விலகியது. பிரேக்கை மிதித்து மிதித்து, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவது போல வேனைத் தரையில் வைத்தாள். டிரைவர் இறங்கி நேராகப் பல் டாக்டர் வீட்டுப் படியேறினார்.

அன்றிலிருந்து உன் அக்காவைத் தெருவே கொண்டாடுகிறது. நாளைக்கு வேறு எது எங்கே விழுமோ, எனக்குத் திக்திக்கென்று இருக்கிறது. ஆகையால் வருகிற ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து உன் சொத்தை எடுத்துப் போ. இது வேண்டுகோள் இல்லை, உத்தரவு. உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் அன்பு. எல்லாரும் உறுதியான தரையில் கால் ஊன்றி நீண்ட நாள் வாழ்க.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: உறை ஒட்டப் பசை தேடி உன் அக்காவின் மேசையைத் திறந்தேன். உனக்கு எழுதி வைத்த கடிதம் ஒன்று கிடந்தது. பிழை இருக்குமோ என்றுதான் படித்தேன். "தம்பி, சீக்கிரம் வந்து அந்த வண்டியை எடுத்துட்டுப் போ. உங்க அத்தான் பொழுது விடிஞ்சா அதுக்குள்ளதான் இருக்கார். சாப்பாட்டையும் அங்கயே கேக்கறார். தினமும் என்னை மேல ஏத்தி லீவர் பழக்கறார். நேத்து அதுகூடப் பேசிட்டிருந்தார்" என்று எழுதியிருக்கிறாள். மறுக்கலாம் என்று யோசித்தேன், வழி தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வராதே. அடுத்த ஞாயிறும் வேண்டாம். கிரீஸ் மட்டும் இரண்டு டப்பா அனுப்பு. அக்கா கேட்டாள் என்று சொல்லி அனுப்பு.