செவ்வாய்க்கிழமை பதினோரு மணி

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கு நான் நலம். உன் அக்காவும் நலம். என்னோடு மட்டும் மூன்று நாளாகப் பேச்சு இல்லை. அங்கு நீயும் பிள்ளைகளும் சுகம்தான் என்று நானே முடிவுசெய்துகொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு அரசாங்க விருது வாங்கித்தர நீ ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. 'நீண்டகால வளிமண்டலக் கண்காணிப்புக்காக' என்று அழைப்பிதழில் பொன்னெழுத்தில் போட்டிருக்கிறார்கள், சந்தோஷம், ஆனால் விழா அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்காம், நான் வரமாட்டேன். இருபத்தேழு வருஷமாகச் செவ்வாய்தோறும் அதே பதினோரு மணிக்கு இந்த மேட்டில் நின்று, என் மூச்சு கலந்துவிடக்கூடாதே என்று மூச்சை அடக்கிக்கொண்டு, கண்ணாடிக் குடுவையில் காற்றுப் பிடிக்கிறேன். அதுவரைதான் சுத்தமான கடல்காற்று. அப்புறம் ஊர்ப்புகை வந்துவிடும். காய்ச்சலிலும் பிடித்தேன், புயலிலும் பிடித்தேன், மகள் பிறந்த அன்று பிடித்து முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கே ஓடினேன், அதை உன் அக்கா இன்றுவரை மன்னிக்கவில்லை. கரியமில வாயு ஏறவே இல்லை என்று எவனும் என் முன்னால் மழுப்ப முடியாது, ஒரு வாரம்கூட விடாத பதிவேடு என்னிடம் இருக்கிறது.

தேதியை மாற்றச் சொல்லி விழா அதிகாரிக்குப் போன் செய்தேன். அமைச்சர் கொடுத்த தேதியாம், அசையாதாம். பிறகு பெரிய மனது பண்ணி ஒரு வழி சொன்னார். "திங்கட்கிழமையே ரெண்டு குடுவையா புடிச்சு வெச்சிடுங்க சார். காத்துதானே?"

காத்துதானே என்கிறவர் கூட்டத்திடமிருந்து எனக்கு விருதா? உன் அக்கா குறுக்கே வந்து, "ஒரு வாரம் விட்டா குடியா முழுகிடும்?" என்றாள். முழுகும் என்றேன். அன்றோடு பேச்சு நின்றது. நிற்கட்டும். விருதைத் தபாலில் அனுப்பட்டும், இல்லையென்றால் அவர்களே வைத்து அழகு பார்க்கட்டும்.

பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல், என்னைவிட நல்ல காற்றைச் சுவாசித்து வாழட்டும்.

இப்படிக்கு,
பிடிவாதம் குறையாத உன் அத்தான்

பி.கு.: இன்றும் செவ்வாய்தான், அரை மணி கையில் இருக்கிறதே என்று பத்தரைக்குத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உன் அக்கா இப்போது வந்து வாயைத் திறந்தாள்: "மணி பதினொண்ணே முக்கால். குடுவை மேசைமேலயே இருக்கு." பேச்சு இருந்திருந்தால் முன்னாலேயே சொல்லியிருப்பாளாம். ஓடிப்போய்ப் பார்த்தேன், காற்று திரும்பிவிட்டது. அழுகை வருகிறது மச்சான். பதிவேட்டில் பொய் எழுதவில்லை: 'மாதிரி இல்லை. காரணம்: மச்சானுக்குக் கடிதம்.' கையெழுத்தும் போட்டுவிட்டேன். விருது வேண்டாம் என்பதில் மாற்றமில்லை, இனி அதைத் தபாலிலும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடு.