சூடுவெள்ளம் அண்ணனின் இந்தியா

இந்தியாவை இரண்டே துண்டாகப் பிரித்த மனிதர் கேரள எல்லையை ஒட்டிய எங்கள் பனச்சமூட்டில் இருக்கிறார். மொழி, மதம், சாதி எதுவும் அவர் கணக்கில் சேராது. சாப்பிட உட்கார்ந்ததும் கேட்காமலே சூடுவெள்ளம் கொண்டுவந்து வைக்கிற நாடு ஒன்று, வைக்காத நாடு மற்றொன்று. முதல் நாடு கேரளத்தில் தொடங்கிக் களியக்காவிளையோடு முடிந்துவிடுகிறது. மிச்சமுள்ள இந்தியா முழுவதும் இரண்டாவது.

சூடுவெள்ளம் என்றால் எங்கள் பக்கத்தில் வெந்நீர். அதிலும் பதிமுகம் என்கிற மரச்சீவலைப் போட்டுக் கொதிக்கவைத்து, ரோஜா நிறத்தில் ஆவி பறக்க வரவேண்டும். லாரி ஓட்டி நாடெல்லாம் சுற்றியும் வேறொரு தண்ணீரைத் தொண்டையில் இறக்காதவர் என்பதால் அவருக்குச் சூடுவெள்ளம் அண்ணன் என்று பெயர். சொந்தப் பெயர் லைசென்சில் இருக்கும். பார்த்தவர் யாருமில்லை.

லாரியை விட்டபிறகு ஆக்டிங் டிரைவராகக் கார் ஓட்ட வருவார். நான் அவரைப் பிடித்ததற்குக் காரணம் என் மகள். பரோடாவில் வேலைக்குப் போனவள், கூட வேலை பார்த்த குஜராத்திப் பையனையே கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். இப்போது ஏழாம் மாதம். எங்கள் வழக்கப்படி பெண்ணைப் பெற்றவர்கள் முந்திரிக்கொத்து, அச்சப்பம் எல்லாம் டின் டின்னாகச் செய்து கொண்டுபோய் வயிறு காணும் சடங்கு நடத்த வேண்டும். ரயிலில் போகலாம். ஆனால் நான் புதுக் கார் வாங்கியிருந்தேன். அதைச் சம்பந்தி வீட்டு வாசலில் நிறுத்திக் காட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

எனக்கும் வண்டி ஓட்டத் தெரியும். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரைக்கும் தெரியும். அதைத் தாண்டினால் ரோடுதான் என்னை ஓட்டும். இது தெரிந்த என் மனைவி, "நீங்க காரில வாங்க. பேரப்பிள்ளையப் பாக்க நான் உசிரோட இருக்கணும்" என்று சொல்லிவிட்டு முன்கூட்டியே ரயிலேறிப் போய்விட்டாள்.

புறப்படும் அன்று அண்ணன் ஒரு ஸ்டவ், ஒரு கெட்டில், ஒரு பை நிறையப் பதிமுகம் என்று வந்து நின்றார். டிக்கியில் பலகார டின்களுக்கே இடமில்லை. என் பெட்டியை இறக்கிவிட்டு ஸ்டவ்வை ஏற்றினார்.

"அண்ணே, என் துணிமணி?"

"துணி பரோடாவில கிட்டும் சாரே. பதிமுகம் கிட்டாது."

களியக்காவிளை தாண்டியதுமே எனக்குச் சோதனை தொடங்கிவிட்டது. மதுரையில் சாப்பிட உட்கார்ந்தோம். பரிமாறுகிற தம்பி என்னைப் பார்த்து, "சேட்டா, மீன் குழம்பு ஊத்தவா?" என்றான். நெய்யாற்றின்கரையில் மலையாளிகள் என்னைத் தமிழன் என்று குத்திக்காட்டிப் பாண்டி என்பார்கள். இங்கே சேட்டனா? எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"எலே தம்பி, நான் தமிழனாக்கும்!"

அவன் முகமெல்லாம் மலர்ந்தது. "தமிழ் நல்லாப் பேசுறீங்களே சேட்டா!" என்று சொல்லி ஒரு மீன் துண்டு கூடுதலாக வைத்தான். அண்ணன் சிரித்த சிரிப்பில் அவருடைய சூடுவெள்ளம் மூக்கில் ஏறிவிட்டது.

கர்நாடகத்தில் ஸ்டியரிங்கை நான் கேட்டு வாங்கினேன். முன்னால் போன லாரிக்காரன் வலது இண்டிகேட்டரைப் போட்டான். 'வராதே' என்கிறான் என்று நினைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை வாத்தியார் பின்னால் போவதுபோல் அடக்கமாகப் பின்னாலேயே போனேன். அவன் கையை வெளியே நீட்டி ஆட்டினான். நான் இன்னும் மெதுவாகப் போனேன்.

"சாரே, அவன் ஏறிப் போவத்தான் சொல்லுதான்" என்றார் அண்ணன். "இனி எறங்கி வந்து நம்ம வண்டியத் தள்ளிவிடுவான். அந்த மரியாதைய ஏன் கெடுக்கணும்? எந்திரிச்சு இஞ்ச வாங்க."

அவரும் சளைத்தவரில்லை. மகாராஷ்டிரத்தில் கொஞ்சம் பெரிய ஹோட்டலில் சாப்பிட்டு முடித்ததும், கேட்காமலே இரண்டு கிண்ணம் வெந்நீர் வந்தது. அதில் எலுமிச்சைத் துண்டு வேறு மிதந்தது. அண்ணன் கண்கலங்கிப் போனார்.

"பாத்தீங்களா சாரே! இஞ்சயும் மனுசன் உண்டு!"

பையிலிருந்து பதிமுகத்தை எடுத்து ஒரு சிட்டிகை போட்டு, ஊதி ஊதிக் குடித்தார். அது கை கழுவ வைத்த தண்ணீர் என்று எனக்குத் தெரியும். ஆனால் சுற்றிலும் எல்லோரும் எங்களையே பார்க்கிறார்கள். அவர் குடித்து நான் கழுவினால் அவருக்கு அவமானம் என்று தோன்றியது. நானும் என் கிண்ணத்தை எடுத்துக் குடித்தேன். பரிமாறியவர் பயபக்தியோடு மேலும் இரண்டு கிண்ணம் கொண்டுவந்து வைத்தார்.

அன்று மாலை மனைவி போனில் கூப்பிட்டாள். குரலே சரியில்லை. "பிள்ளைக்கு ஒண்ணும் எறங்கல்ல. மாசம் ஏழாகியும் வாந்தி நிக்கல்ல. இஞ்சத்த தண்ணி உப்புக் கரிக்குதாம், ஒரு மடக்கு குடிச்சாலும் வெளிய வருது. டாக்டரு ஆசுபத்திரியில சேக்கணும்னு சொல்லுதாரு. உங்க முந்திரிக்கொத்தக் கண்டாலாவது வாயத் திறப்பாளோ என்னமோ. சீக்கிரம் வாங்க."

அதற்குப் பிறகு எனக்குப் புதுக் கார் மறந்துவிட்டது. அண்ணன் டீ குடிக்கக்கூட நிறுத்தாமல் ஓட்டினார்.

குஜராத்துக்குள் நுழைந்ததும் போலீஸ் கை காட்டியது. பின் சீட்டில் அண்ணன் பதிமுகம் போட்டுக் காய்ச்சி நிரப்பிவைத்த சிவப்புத் தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. மதுவே கூடாத மாநிலத்தில், அழுக்கு லுங்கி கட்டிய ஒருவரும், ஒரே சட்டையைத் தொடர்ந்து போட்டிருக்கிற ஒருவரும். போலீஸ்காரர் எங்களை இறங்கச் சொன்னார். பரீட்சை எழுதிப் பாஸான என் இந்தி, தேவையான நேரத்தில் என்னைக் கைவிட்டது. 'பானி, பானி' என்று மட்டும் சொன்னேன். அவர் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அண்ணன் என் துண்டைச் சுருட்டித் தன் சட்டைக்குள் திணித்தார். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, வயிற்றுப்பிள்ளைக்காரியாக நெடுஞ்சாலை ஓரத்தில் அங்குமிங்கும் அசைந்து நடந்தார். வாந்தியெடுத்துக் காட்டினார். பிறகு என்னைச் சுட்டிக்காட்டி, "இவரு அச்சன்! பெண்ணோட அச்சன்!" என்றார். துண்டில்லாத தோளோடு நான் கும்பிட்டு நின்றேன்.

அதோடு விடவில்லை. ஸ்டவ்வை எடுத்துப் பற்றவைத்து, கெட்டிலில் நல்ல தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அவர்கள் கண்முன்னால் பதிமுகத்தைப் போட்டார். தண்ணீர் சிவந்தது. போலீஸ்காரர் மோந்தார், குடித்தார், கூட இருந்தவருக்கும் கொடுத்தார். இன்னொரு தரம் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். என் தோளைத் தட்டி ஏதோ சொன்னார். மகளைப் பற்றித்தான் என்று எனக்குப் புரிந்தது.

காலையில் சம்பந்தி வீட்டு வாசலில் இறங்கினோம். தட்டில் குளிர்ந்த தண்ணீரோடு வரவேற்றார்கள். வண்டியை ஒருவரும் பார்க்கவில்லை. நான் டின்னைத் தூக்கிக்கொண்டு நேராக மகளிடம் ஓடினேன். கன்னம் ஒட்டிப்போய்ச் சோபாவில் சாய்ந்திருந்தாள். முந்திரிக்கொத்தை நீட்டினேன். வாசனை பட்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தனை தூரம் சுமந்து வந்ததை அப்படியே கீழே வைத்தேன்.

அப்போது வாசலில் நின்ற அண்ணனின் கையில் இருந்த பாட்டிலை அவள் பார்த்துவிட்டாள்.

"அது பதிமுகமா?"

"ஆமா மக்ளே. வாறேன், இரி. கொஞ்சம் சூடாக்கித் தாறேன்."

சம்பந்தியம்மாள் பயந்துபோய் என் மனைவியைப் பார்த்தாள். "எங்க ஊர்ல ஆசுபத்திரியிலயே இதத்தான் குடுப்பாவ" என்று தமிழிலேயே கையை ஆட்டிச் சொன்னாள் மனைவி. மகள் ஒரு டம்ளர் குடித்தாள். நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வெளியே வரவில்லை. இன்னொரு டம்ளர் குடித்தாள். பிறகு அழுதுகொண்டே, "அப்பா, அந்த முந்திரிக்கொத்தில ஒண்ணு தாங்க" என்றாள். சடங்கு அதற்குப் பிறகுதான் நடந்தது. அண்ணன் மிச்சமிருந்த பதிமுகப் பையைச் சமையலறையில் வைத்துவிட்டார். திரும்பி வருகிற வழியெல்லாம் பச்சைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, ஒவ்வொரு மடக்குக்கும் முகத்தைச் சுளித்தார்.

பேரன் பிறந்துவிட்டான். பெயர் வைக்கக் கூப்பிடுகிறார்கள். இந்தத் தடவை விமானத்தில் போய்விடலாம் என்கிறாள் மனைவி. போகலாம்தான். ஆனால் பக்கத்து சீட்டில் அண்ணன் இல்லாமல் அத்தனை தூரம் போக எனக்கு மனசில்லை. அதனால் விமானத்தில் சூடுவெள்ளம் கொடுப்பார்களா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.