கார் பேசியதும் சம்பந்தி பேசாததும்

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.
செவ்வாய்க்கிழமை மத்தியானம்

அன்புள்ள தம்பி மார்செலுக்கு,

அக்கா வசந்தா எழுதுகிறேன். இங்கே நானும் உன் மாமாவும் உடம்பளவில் சுகம். பிரான்சில், துலூஸில் நீயும் மேனகாவும் உங்கள் மகள் கமீயும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அதே சுகத்தோடு இருக்க வேண்டும் என்று தனியாக இன்னொரு தடவையும் வேண்டிக்கொண்டேன்.

முப்பத்தொரு வருஷம் தபாலாபீஸ் கவுண்டரில் உட்கார்ந்தவள், பழைய பாசத்தில் காகிதத்தை எடுத்துவிட்டாள் என்று நினைக்காதே. போனில் பேச வழியில்லை. நான் போனை எடுத்தால் வாசலில் நிற்கிற புதுக் கார் அதைப் பிடுங்கிக்கொள்கிறது. உன் மாமா மத்தியானம் சாப்பிட்டதும் காரில் ஏறி ஏசியைப் போட்டுக்கொண்டு அங்கேயே தூங்குகிறார், அதனால் நான் சமையற்கட்டில் நின்று "அல்லோ" என்றால் நீங்கள் அங்கிருந்து சொல்கிற பதில் அவர் தலைமாட்டில் போய்க் கேட்கிறது. போன வாரம் மேனகா தன் முழங்காலில் ஊசி போடப்போகிறார்கள் என்று எனக்குச் சொன்னதை, பாதித் தூக்கத்தில் இவர் கேட்டுவிட்டு, "எனக்கு எதுக்குடி ஊசி, நான் நல்லாத்தானே இருக்கேன்?" என்று லுங்கியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடி வந்தார். இப்போது எழுதப்போகிற விஷயம் இவர் காதில் விழக் கூடாது. அதனால்தான் காகிதம்.

இந்தக் காரை நானாக வாங்கவில்லை என்பதை முதலில் ஞாபகப்படுத்துகிறேன். என் பழைய காரில் பாட்டுக்கு ஒரு திருகு, ஏசிக்கு ஒரு திருகு, இரண்டும் திருகினால் திரும்பும். நான் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். "அக்கா, கமீய்க்கு மாப்பிள்ள வீட்டுக்காரங்க வரப்போறாங்க, அந்த டப்பாவுல போயி அவங்கள ஏத்திட்டு வராத, பெரிய ஸ்கிரீன் வச்ச வண்டியா எடு, நம்ம மரியாதை தெரியணும்" என்று சொன்னது நீ. எடுத்தேன். சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஸ்கிரீன். ஏசி அதற்குள், பாட்டு அதற்குள், போன் அதற்குள், வழி அதற்குள், பின்னால் என்ன இருக்கிறது என்று காட்டுகிற கேமராவும் அதற்குள். ஷோரூமில் விஜய் என்று ஒரு பிள்ளை, நல்ல பிள்ளை, பத்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் தடவிக் காட்டிவிட்டு "அவ்ளோதான் மேடம், ரொம்ப ஈஸி" என்று அடுத்தவருக்குச் சாவி கொடுக்கப் போய்விட்டான். அன்றிலிருந்து தினமும் காலையில் அந்த ஸ்கிரீன் என்னைப் பார்த்து நீங்கள் யார் என்று கேட்கிறது. நான்தான் வசந்தா, நேற்று வந்தவளேதான் என்று அமுக்கினால், ஒப்புக்கொள்கிறீர்களா என்று ஒரு கட்டம் வருகிறது. எதற்கு என்று தெரியாமலே இதுவரை நாற்பது தடவை ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை பெரிய மார்க்கெட்டுக்கு வஞ்சிரம் வாங்கப் போனேன். ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டுக்காரர்கள் வருகிறார்களே, நல்ல மீனாகச் சொல்லிவைக்கலாம் என்று. திரும்பும்போது ரிவர்ஸ் போட்டேன். பின்பக்கம் தெரிய வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒன்று வந்து, நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சுற்றி முடித்தால் காட்டும் என்று நானும் கழுத்தைத் திருப்பாமல் மெதுவாகப் பின்னால் போய்க்கொண்டே இருந்தேன். மீன்காரி தனக்கொடியின் கூடையில் போய் முட்டி நின்றேன். சங்கரா மீனெல்லாம் தரையில். "ஏம்மா, டிவி பாத்துகினே வண்டி ஓட்டறியா நீ? பின்னாடி நாங்கல்லாம் மனுசங்களா தெரியலியா ஒனக்கு?" என்று மார்க்கெட் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். நான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவளோடு உட்கார்ந்து ஒவ்வொரு மீனாகப் பொறுக்கிக் கூடையில் போட்டுவிட்டு, அங்கிருந்து நேராக சர்வீஸ் சென்டருக்குப் போனேன். "அது அப்டேட் கேக்குது மேடம், போட்டுட்டா சரியாயிடும்" என்றான் விஜய். போட்டான். கேமரா சரியாகிவிட்டது, பொய் சொல்லக் கூடாது. அதுவரை ஒழுங்காக இருந்த மற்றதெல்லாம்தான் கெட்டுப்போனது.

இனிமேல்தான் விஷயம். எழுதக் கை வரவில்லை. நடுவில் எழுந்து போய், இவர் காரில் தூங்குகிறாரா என்று ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்தேன். தூங்குகிறார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிள்ளைச்சாவடிக்குப் போனேன். மாப்பிள்ளைப் பையன் யோஹானின் அப்பாவும் அம்மாவும் பாரிஸிலிருந்து வந்து அங்கே சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருக்கிறார்கள் அல்லவா, அவர்களை ஏற்றிக்கொண்டு வந்து, சாப்பாடு போட்டு, கமீயைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டியது என் பொறுப்பு என்று நீ சொல்லியிருந்தாய். கமீய் அருமையாகச் சமைப்பாள் என்று நீயே அவர்களிடம் ஆட்டுக்கறிக் குழம்பிலிருந்து வடை வரைக்கும் பட்டியல் போட்டுவிட்டதாகவும், நான் அதிலிருந்து வழுவக் கூடாது என்றும் சொன்னாய். நானும் வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். எனக்குப் பயம் ஏன் என்றால், முப்பத்தொரு வயதில் அந்தப் பெண் முதல்முறையாக ஒருத்தனைப் பிடித்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். உன்னிடம் சொல்வதற்கு முன்னால் என்னிடம்தான் சொன்னாள். "அத்தை, அவரு என்னைப் பேச விடறாரு" என்றாள். இதைக் கெடுத்துவிடக் கூடாது என்பதைத் தவிர அன்றைக்கு என் தலையில் வேறொன்றும் இல்லை.

யோஹானின் அம்மா ஏலேன், கஞ்சி போட்ட காட்டன் புடவையும் மெல்லிய சென்ட்டுமாக, முதுகு வளையாமல் பின்சீட்டில் ஏறினார். பக்கத்தில் அவர் வீட்டுக்காரர், பழைய சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் பீரங்கிப் பக்கம் இருந்தவர், காது மந்தம். "நல்ல வண்டி மதாம்" என்று ஏலேன் சொன்னதும் எனக்கு உச்சி குளிர்ந்தது. அதற்குள் உண்மையாகவே குளிர ஆரம்பித்தது. ஏசி தானாகப் பதினாறுக்கு இறங்கிவிட்டது. அமுக்கினேன், நகரவில்லை. ஏலேன் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "கொஞ்சம் கொறைக்க முடியுமா?" என்றார். "செத்தப் பொறுங்க" என்றேன். அவரிடம்தான் சொன்னேன். கார் தன்னிடம் சொன்னதாக எடுத்துக்கொண்டு, சேதராப்பட்டுக்கு வழி காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டது. அங்கே பாக்டரிகளைத் தவிர என்ன இருக்கிறது? நான் நேராக வர வர, "வாய்ப்புள்ள இடத்தில் திரும்பவும், வாய்ப்புள்ள இடத்தில் திரும்பவும்" என்று அது விடாமல் சொல்லிக்கொண்டே வந்தது. "உங்களுக்கு வழி தெரியும் இல்ல?" என்று ஏலேன் கேட்டார். எனக்கு! இந்த ஊரில் பிறந்து, இந்த ஊர்த் தெருவெல்லாம் பின்கோடோடு தெரிந்தவளை!

கோட்டக்குப்பத்தில் வண்டிகள் நெருக்கியடித்து நிற்கும்போது போன் வந்தது. உன் மாமா. நான் தொடவே இல்லை, தானாக எடுத்துக்கொண்டது. நாலு ஸ்பீக்கரிலும் இவர் குரல், பூசையில் சாமியார் மைக் வைத்துப் பேசுகிற மாதிரி.

"வசந்தா, எங்க வந்துட்ட? கொழம்ப எறக்கிட்டேன். இங்க பாரு, அந்தம்மா கமீய் சமையலப் பத்திக் கேட்டா நீயும் உன் தம்பி மாதிரி அளந்து உடாத. போன லீவுக்கு வந்தப்ப காப்பி போடறேன்னு பால் பாத்திரத்தையே கருக்கினவ அவ. நாளைக்கு அந்தப் பையன் பட்டினி கெடந்தான்னா நம்மளத்தான் கேப்பாங்க."

சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். ஸ்கிரீன் உறைந்துபோயிருந்தது. ஸ்டியரிங்கில் இருந்த ஒன்றை அமுக்கினேன், சத்தம் கூடியது. "பேசாதீங்க! கேக்குது!" என்று கத்தினேன்.

"கேக்குதா? எனக்கும் நல்லாக் கேக்குது. ஆமா, அந்தம்மா ரொம்ப ராங்கியாமே? மூக்காலயே பேசுமாமே? ஒழுங்கா சாப்புடுமா, இல்ல கொறிக்குமா? எவ்ளோ அரிசி போடறதுன்னு தெரியல."

"மோன் தியே", அட கடவுளே என்று பின்னால் மெதுவாக ஏலேனின் குரல். வண்டியை ஓரங்கட்டி என்ஜினை அணைத்தேன். என்ஜின் நின்றது, இவர் நிற்கவில்லை. கதவைத் திறந்தால்தான் அது வாயை மூடும் என்று அப்போதுதான் தெரிந்தது. கதவைத் திறந்து ரோட்டில் இறங்கி நின்றேன். பின்னால் பஸ்காரன் ஹாரனில் கையை வைத்து எடுக்கவே இல்லை. உள்ளே சொல்தா தன் மனைவியிடம், "ரேடியோவா? நல்லாப் பேசறானே" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஏலேன் பேசவில்லை, மார்செல். "வண்டிய எடுங்க" என்று இரண்டு வார்த்தை, அவ்வளவுதான். வீட்டில் இவர் வாசல் வரைக்கும் வந்து வாயெல்லாம் பல்லாக வரவேற்றார், நான் காதில் ஓதியதும் பல் மறைந்துபோனது, அதற்கப்புறம் இவர் பரிமாறின ரசம் பாதி இலையில், பாதி மேஜையில். நான் ஏதேதோ பேசினேன். வெயிலைப் பற்றி, மீன் விலையைப் பற்றி, கடற்கரையில் கூட்டத்தைப் பற்றி. ஏலேன் தலையை ஆட்டினார். கமீய் சமையலைப் பற்றி யாரும் யாரையும் கேட்கவில்லை. கிளம்பும்போது "சொல்லி அனுப்பறோம்" என்று சொன்னதும் சொல்தாதான். காரில் கொண்டுவிடுகிறேன் என்றேன். ஏலேன் வேகமாகக் கையை ஆட்டி, தெருமுனையில் ஆட்டோவை நிறுத்தி ஏறிக்கொண்டார்.

இரண்டு நாளாகத் தகவல் இல்லை. நான் எட்டு மணிக்கு ஒரு தடவை, ஒன்பது மணிக்கு ஒரு தடவை வாசலுக்குப் போய்ப் பார்க்கிறேன். இவரோடு பேச்சு இல்லை, சாப்பாடு மட்டும் உண்டு. இந்தச் சம்பந்தம் முறிந்துவிட்டது என்று நினைத்துக்கொள். கமீயிடம் நீ பக்குவமாகச் சொல். அத்தைதான் கெடுத்தாள் என்று சொல்லு, பரவாயில்லை, என்னைத் திட்டினால் அவளுக்கு மனசு ஆறும். ஏலேனுக்கு நீயே போன் செய்து, மாமாவுக்கு வயசாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது என்று மன்னிப்புக் கேள். காரை விற்கச் சொல்லி விஜயிடம் இன்றைக்கே சொல்லப்போகிறேன். இனி எங்கே போனாலும் ஆட்டோ.

உனக்கும் மேனகாவுக்கும் எந்தக் குறையும் வராமல் மாதா காக்கட்டும். கமீயின் நெற்றியில் என் பங்குக்கு ஒரு சிலுவை போட்டு முத்தம் கொடு.

தலை நிமிர முடியாத உன் அக்கா,
வசந்தா

பி.கு.: உறையை ஒட்டி, தபால்தலையும் ஒட்டிய பிறகு கிழித்து இதை எழுதுகிறேன். ஏலேன் வந்துவிட்டுப் போனார். கழுத்தில் மப்ளர். குரல் கிசுகிசு என்றுதான் வருகிறது. "தப்பா நெனைக்காதீங்க அண்ணி, அந்த ஏசியில தொண்ட கட்டிகிச்சு. அன்னிக்கி பேசணும்னு பாக்கறேன், பல்லு கிட்டிப் போச்சு. பாரிஸ்ல இத்தினி வருசம் இருந்தும் இப்படி நடுங்கினதில்ல" என்றார். நான் காப்பியை நீட்டிவிட்டு மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். விடவில்லை. "உங்க தம்பி சொன்னதெல்லாம் கேட்டு எனக்குப் பயம் வந்துடுச்சு. எங்க யோஹான் கழட்டின சட்டையக்கூட எடுத்து மாட்டி வைக்க மாட்டான். நாங்களும் அவனப் பெரிய சமையக்காரன்னு சொல்லி வச்சிருக்கோம், அவனுக்கு முட்ட அவிக்கத்தான் தெரியும், அதுவும் சில நேரம் வெடிச்சிடும். அவ்ளோ கெட்டிக்காரப் பொண்ணு வந்தா ஒரு மாசத்துல இவன வெரட்டிடுவாளேன்னு ராத்திரியெல்லாம் யோசன. அண்ணன் போன்ல பேசினதுக்கப்புறம்தான் எனக்கு மூச்சு வந்துது. ராங்கின்னாரே, அத மட்டும் அவரு எங்கிட்ட நேர்ல சொல்லட்டும்" என்று சிரிக்கப் பார்த்து இருமினார். இவர் சமையற்கட்டுக்குள்ளேயே நின்றுவிட்டார். அடுத்த மாதம் இருபதாம் தேதி நிச்சயம் வைத்துக்கொள்ளலாமாம்.

ஆகையால் நீ யாருக்கும் போன் செய்யாதே, யாரிடமும் மன்னிப்புக் கேட்காதே, கமீயிடம் ஒரு வார்த்தை சொல்லாதே. உன் மாமாவுக்குப் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது. காரை விற்கவில்லை. ஏலேனை அதில்தான் கொண்டுவிட்டேன், நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டு. மேலே எழுதியதையெல்லாம் படிக்காமல் கிழித்துப் போட்டுவிட்டு, கமீயின் மோதிர விரல் அளவை ஒரு நூலில் எடுத்து முடிச்சுப் போட்டு உடனே தபாலில் அனுப்பு. நூல் எந்த விரலுடையது என்று பக்கத்தில் எழுதிவிடு, போன தடவை நீ கட்டைவிரலை அளந்து அனுப்பிவிட்டாய்.