மஞ்சள், வழி: கவுகாத்தி

மனிதன் விமானத்தைக் கண்டுபிடித்தது சீக்கிரம் போய்ச் சேர்வதற்கு என்று இன்னமும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள், பாவம். அவன் அதைக் கண்டுபிடித்தது நடுவில் இறங்கிச் சாப்பிடுவதற்காக. இந்த மாபெரும் உண்மையை உலகுக்கு மெய்ப்பித்தது கொல்கத்தா பெஹாலாவில் உள்ள எங்கள் மித்ரா குடும்பம்.

அன்று இரவு எங்கள் வீட்டு அர்க்கோவுக்கும் சில்ச்சர் பெண் தோயாவுக்கும் கல்யாணம். விடியற்காலையில் மாப்பிள்ளை உடம்பில் மஞ்சள் பூசியாயிற்று. மிச்ச மஞ்சள் பெண் வீட்டுக்குப் போய், அதை அவளுக்குப் பூசினால்தான் குளியல். குளித்தால்தான் ஒரு வாய் சர்பத். சோறு, கல்யாணம் முடிந்த பிறகு. அதுவரை பட்டினி. கடுகெண்ணெயில் குழைத்த அந்த மஞ்சளை எவர்சில்வர் டப்பாவில் அடைத்துக்கொண்டு 'உயர்மட்டத் தூதுக்குழு' புறப்பட்டது. தலைவர் மாப்பிள்ளையின் ஜேட்டு, அதாவது பெரியப்பா, சுதாங்ஷுதா. துணைத்தலைவர் அவர் மனைவி, எனக்குப் பௌதி, அதாவது அண்ணி. செயலாளர் அடியேன், சுதாங்ஷுதாவின் சித்தப்பா மகன்.

காலையில் நேர் விமானம் ஒன்று இருந்தது. தலைவர் அதை நிராகரித்தார்.

"அதுல என்னடா குடுப்பான்? ரெண்டு ரொட்டி, நடுவுல வெள்ளரிக்கா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காஞ்ச வயித்தோட போய் நின்னா மரியாதையா இருக்குமா? கவுகாத்தி வழியா போவோம். அங்க மீன் வறுவல் கிடைக்குதாம்."

முன்னெச்சரிக்கை நடவடிக்கையாக வீட்டில் லூச்சி, அதாவது மைதாப் பூரி, சாப்பிட்டோம். விமானத்தில் அந்த வெள்ளரிக்காய் ரொட்டியையும் விடவில்லை. கவுகாத்தியில் இறங்கி, மீன் வறுவல் மேசைக்கு வந்த சமயம் பெண்ணின் அம்மா போன் செய்தார்.

"சம்பந்தி, எங்க வந்துட்டிருக்கீங்க? பொண்ணு பச்சைத் தண்ணி குடிக்கல. தலை சுத்துதுங்கறா."

"கவலையே படாதீங்க. மஞ்சள் பத்திரமா இருக்கு. நாங்களும் இங்க படாத பாடு பட்டுக்கிட்டுதான் இருக்கோம்" என்ற தலைவர், போனை வைத்துவிட்டுத் தட்டைப் பார்த்தார். "மீனுக்குத் தக்காளி சாஸ் வெச்சிருக்கான்! இவனெல்லாம் மனுஷனா?"

நியாயமான கோபம். கடுகையும் பச்சை மிளகாயையும் அரைத்துப் புளிக்கவைத்த காசுந்தி இல்லாமல் எங்கள் ஆட்கள் மீன் வறுவலைத் தொடுவதில்லை. பௌதி காசுந்தி இல்லாமல் பக்கத்துத் தெருவுக்குக்கூடப் போகமாட்டார். அவர் கை கழுவப் போயிருந்ததால், தலைவரே பைக்குள் கைவிட்டு டப்பாவை எடுத்தார். திறந்தார். கடுகு வாசனை, மஞ்சள் நிறம். தன் மீன்மேல் தாராளமாகப் பூசி, மிச்சத்தை எனக்கு வழித்துப் போட்டார்.

"காரமே இல்லடா. உன் பௌதிக்குக் கை தளர்ந்துபோச்சு."

நானும் மென்றபடியே ஆமோதித்தேன். பௌதி திரும்பி வந்தார். டப்பாவைப் பார்த்தார்.

"அடப்பாவி மனுஷா! காசுந்தி அந்த இன்னொரு டப்பா! இது அர்க்கோ முதுகுல தேச்ச மஞ்சள்!"

தலைவர் மெல்லுவதை நிறுத்தினார். பிறகு, உணவை வீணாக்கக் கூடாது என்ற கொள்கையின்படி விழுங்கினார். அவசரக் கூட்டம் அங்கேயே கூடியது.

"காசுந்தியக் குடுத்துடுவோம். நிறம் ஒண்ணுதான்" என்றார் தலைவர்.

"எரியுமே! பொண்ணு மூஞ்சிங்க அது. கடையில மஞ்சள் வாங்கிக் குழைச்சுக் குடுங்க" என்றார் பௌதி.

"மாப்பிள்ளை தொடாத மஞ்சளா? சாஸ்திர விரோதம்!"

"காசுந்திய மட்டும் தொட்டானா?"

"நேத்து ராத்திரி தொட்டுத்தானே சாப்பிட்டான்!"

தீர்மானம் இரண்டுக்கு ஒன்று என்ற 'அமோக' பெரும்பான்மையில் நிறைவேறியது. அடுத்த விமானம் தாமதம் என்று அறிவித்தார்கள். அந்தத் துக்கத்தில் தலைவரும் நானும் ரசமலாய் சாப்பிட்டோம்.

சில்ச்சரில் சங்கு ஊதி வரவேற்றார்கள். முற்றத்து மணையில் தோயா உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்து, முகம் வாடி, பார்க்க எனக்கே வயிற்றைப் பிசைந்தது; அதில் ரசமலாய்க்கும் பங்கு இருக்கலாம். டப்பா கைமாறியது. பெண்ணின் அத்தைக்காரி விரலில் எடுத்தாள்.

"பூசாதீங்க!" என்று பௌதி கத்துவதற்குள் கன்னத்தில் பூசிவிட்டாள்.

"அய்யோ, எரியுது!" பெண் துள்ளி எழுந்தாள். உதட்டோரம் வழிந்ததை நக்கிப் பார்த்தாள். "இது காசுந்தி! மஞ்சள் எங்க?"

"இவங்க ரெண்டு பேர் வயித்துல" என்றார் பௌதி. பெண்ணை அணைத்து, தன் சேலைத் தலைப்பாலேயே கன்னத்தைத் துடைத்துவிட்டார்.

தோயா எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். "அம்மா, எனக்குச் சோறு போடு."

தலைவர் பதறிப்போனார். "கல்யாணப் பொண்ணு சாப்பிடறதா? பண்பாடு என்னம்மா ஆகறது?"

"அதுக்கு ஒரு குறையும் வராது ஜேட்டு. மாப்பிள்ளையோட மஞ்சள் யாருக்குச் சேர்ந்துச்சோ அவங்கதான பட்டினி கெடக்கணும்? நீங்க ரெண்டு பேரும் கெடங்க. கல்யாணம் முடியட்டும், சாப்பிடலாம்."

பெண் வீட்டார் எங்களை ஓர் அறையில் உட்காரவைத்தார்கள், மிகுந்த மரியாதையோடு, வெளியே தாழ்ப்பாள் போட்டு. சமையல்கட்டிலிருந்து மட்டன் வாசனை வந்துகொண்டே இருந்தது. தலைவர் கதவைத் தட்டினார். "அக்கிரமமா இல்ல இருக்கு! மனுஷன் எப்படிய்யா இவ்வளவு நேரம் பட்டினி கெடப்பான்?"

அவர் சொன்னதை வரிக்கு வரி வழிமொழிகிறேன். அவ்வளவு நேரம் பட்டினி கிடப்பது மனிதர்களால் ஆகிற காரியமே அல்ல. அதற்காகத்தானே நாங்கள் பெண்களை வைத்திருக்கிறோம்?