பொலித்தீன் கழற்றாத கதிரை

உலகத்தில் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், வாங்குபவர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. முந்தலிலிருந்து கல்பிட்டி வரை எங்கே ஒரு பந்தலும் ஓர் ஒலிவாங்கியும் தென்பட்டாலும் அங்கே அது வந்து நிற்கும். அந்த இனத்துக்குப் பெயர் கையளிப்பாளர்.

கொடுப்பவரையும் கையளிப்பாளரையும் எப்படிப் பிரித்தறிவது என்கிறீர்களா? கொடுப்பவர் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். கையளிப்பாளர் பொருளை நீட்டுவார், நீங்கள் பிடிப்பீர்கள், அவரும் பிடித்துக்கொண்டே இருப்பார், அவருடைய முகம் மட்டும் மெல்லத் திரும்பிக் கமராவைத் தேடும், "இன்னொண்டு எடுங்க தம்பி, கண்ண மூடிட்டன்" என்பார், பதினொரு படம் எடுத்து முடியும் வரை பொருள் உங்களிடமும் இருக்காது, அவரிடமும் இருக்காது, அந்தரத்தில் நிற்கும். கை வலிக்கும். உங்களுக்குத்தான்.

தில்லையடி மக்பூல் ஹாஜியாரை எடுத்துக்கொள்ளுங்கள். இறால் பண்ணை முதலாளி, நலன்புரிச் சங்கத் தலைவர், நல்ல மனிதர். அதுதான் இந்தக் கதையின் சோகமே. மேடையில் ஏறி, "கால் இல்லாட்டி என்ன, என்ட மகளுக்குக் கனவு இருக்குதே!" என்ற வசனத்துக்கு வந்தால் அவர் கண்ணில் நீர் முட்டும். எந்த விழாவிலும் அதே இடத்தில் முட்டும். கைக்குட்டையை அதற்கு இரண்டு வரி முன்னாலேயே எடுத்துவிடுவார்.

அந்த "மகள்" உண்மையில் உப்பளத்துத் தொழிலாளி நௌஃபரின் மகள் றிஸ்லா. பதினாறு வயது. பிறவியிலிருந்தே நடக்க முடியாது. பத்து வருடம் தகப்பன் சைக்கிள் கரியரில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய், வகுப்பறை வரை தூக்கிப்போய் இறக்கினார். செப்டெம்பரில் ஒருநாள் அவருடைய இடுப்பு நாரி பிடித்துக்கொண்டது. அன்றோடு றிஸ்லாவின் பள்ளிக்கூடமும் நின்றது. டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை. பரீட்சை மண்டபம் ஒன்றரை மைல் தூரத்தில்.

அல்லாஹ் கண் திறந்தான். ஒக்டோபரில், வெளிநாட்டில் இருக்கும் ஊரார் வாங்கி அனுப்பிய சக்கர நாற்காலி, பொலித்தீன் சுற்றியபடி, ஹாஜியாரின் சங்கக் காரியாலயத்துக்கு வந்து சேர்ந்தது. தாய் பரீனா ஓடிப்போனாள்.

"ஹாஜியார், கதிர வந்திட்டாமே. இண்டைக்கே கொண்டு போகட்டா?"

"என்ன கதை தங்கச்சி இது! விழா வைக்காமக் கொண்டு போனா ஊர் என்ன சொல்லும்? களவெடுத்த எண்டு சொல்லும்!"

"அது மகளுக்கு வந்த கதிரதானே?"

"ஓம், மகளுக்குத்தான். ஆனா இன்னம் கையளிக்கல்லயே!"

நாற்காலி அலுமாரிக்குப் பக்கத்தில் நின்றது. காரியாலய எழுதுவினைஞர் அதில் தன் குடையைத் தொங்கவிட்டுக்கொண்டார்.

நவம்பரில் முதல் விழா. வெளிநாட்டு அன்பர்கள் சார்பில் கையளித்தார்கள், பதினொரு படம் எடுத்தார்கள், நாற்காலியைத் திருப்பி உருட்டிக்கொண்டு போனார்கள். ஏன்? துறைமுகத்திலிருந்து லொறியில் ஏற்றி வந்தவர்கள் பழைய மாணவர் சங்கத்தார். அவர்களும் கையளிக்க வேண்டாமா? இரண்டாவது விழா. மீண்டும் உருட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு விழாவுக்கும் பந்தல் கொடுத்தது வியாபாரிகள் சங்கம். அவர்களுக்கு மனம் இல்லையா? மூன்றாவது விழா.

"பொலித்தீனுக்கு ஒரு கீறல் விழப்படாது," என்று ஹாஜியார் எச்சரித்தார். "பழைய சாமானக் குடுத்த எண்டு கதை வந்திரும்."

இதற்கிடையில் இரண்டு விழாப் படங்களையும் பார்த்த பக்கத்து வீட்டு நஃபீஸா வேலியால் எட்டிப் பார்த்தாள். "ஏன் பரீனா, உங்கட வீட்ட ரெண்டு கதிர கிடக்காமே! எங்கட மாமிக்கு ஒண்டத் தந்தா என்ன?"

மூன்றாவது விழா வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்குப் பிறகு. பரீட்சை செவ்வாய்க்கிழமை. ஹாஜியார் முதல்நாளே தகவல் அனுப்பியிருந்தார்: "மகள் கையில கொம்பாஸ் பெட்டி ஒண்டு இருக்கட்டும். படத்துல படிக்கிற புள்ள மாதிரித் தெரியணும்."

நடக்க முடியாத பிள்ளைக்கு உதவும் விழாவின் மேடைக்கு ஐந்து படி. நான்கு பேர் றிஸ்லாவைப் பிளாஸ்டிக் கதிரையோடு தூக்கி மேலே ஏற்றி, சக்கர நாற்காலிக்கு மாற்றி உட்கார வைத்தார்கள். பொலித்தீன் சரசரத்தது. ஹாஜியார் ஒரு கையில் கைப்பிடி, மறு கையில் ஒலிவாங்கி. கனவு வந்தது, கைக்குட்டை வந்தது, கண்ணீர் வந்தது.

"ஹாஜியார்," என்றாள் றிஸ்லா. ஒலிவாங்கி பக்கத்தில் இருந்ததால் ஊருக்கே கேட்டது. "இந்தமுறை கொண்டு போகலாமா?"

"இன்ஷா அல்லாஹ் மகள், ஜனவரியில! கொழும்பில இருந்து பிரதம அதிதி வாறார். அதுக்குப் பொறகு முழுக்க உங்களுக்குத்தான்."

"பரீட்ச செவ்வாக்கிழம."

"அதுக்குத்தானே மகள் எல்லாரும் அல்லாஹ்விட்ட துஆக் கேக்கிறம்!"

றிஸ்லா மடியிலிருந்த கொம்பாஸ் பெட்டியைத் திறந்தாள். கவராயத்தை எடுத்தாள். அதன் கூரான முனையைக் கைப்பிடிப் பொலித்தீனில் இறக்கி, முதுகுப் பக்கம் வரை ஒரே இழுவை.

சர்ர்ர்ர்!

ஒலிபெருக்கி வழியாக அந்தச் சத்தம் சந்தி வரை போனது. அடுத்த கைப்பிடி. அப்புறம் கால் வைக்கும் தட்டு. மூன்று மாதம் கட்டிக்காத்த பொலித்தீன் எல்லாம் மேடையில் சுருள் சுருளாக விழுந்தது. மக்பூல் ஹாஜியாரின் கை, தன் வாழ்நாளில் முதல் தடவையாக, கொடுத்த பொருளை விட்டது. தலையில் வைப்பதற்காக.

"போச்சு!" என்றார் வியாபாரிகள் சங்கச் செயலாளர் ஜெமீல். "ஹாஜியார், இனி இது பாவிச்ச கதிர. இதையா பிரதம அதிதியக் கொண்டு கையளிக்கிற?"

மேடையிலிருந்தபடியே கொழும்புக்குத் தொலைபேசி போனது. ஜனவரி விழா கைவிடப்பட்டது. கையளிக்க ஒருவருக்கும் வேண்டாத நாற்காலியாகிவிட்டது அது. வேண்டியவள் ஒருத்திதான் இருந்தாள். அவள் ஏற்கெனவே அதில் உட்கார்ந்திருந்தாள்.

இனி இறங்க வேண்டும். ஏற்றிவிட்ட நான்கு பேரையும் புரியாணி அழைத்துவிட்டது. நாரிப் பட்டியோடு கீழே நின்ற நௌஃபருக்குக் குனியவும் ஏலாது. பரீனா ஒரு பக்கம் பிடித்தாள். மறுபக்கத்துக்கு ஆள் தேடிய ஹாஜியார், வேறு யாரும் இல்லாததால், சால்வையைக் கழற்றிவிட்டுத் தானே பிடித்தார். ஐந்து படியும் வியர்க்க வியர்க்க இறக்கினார். நிமிர்ந்து, பழக்கதோஷத்தில் முகத்தைத் திருப்பிக் கமராவைத் தேடினார். கமராக்காரரும் புரியாணியில் இருந்தார்.

"பெரிய உதவி ஹாஜியார்," என்றாள் றிஸ்லா, சக்கரத்தைத் தானே தள்ளிக்கொண்டு. செவ்வாய்க்கிழமை மண்டபத்துக்கு முதலாவதாக வந்தவள் அவள்தான். அதற்கும் படம் இல்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சிரித்து முடிந்ததும் உங்கள் கைபேசியைத் திறந்து, போன வருடம் பள்ளிக்கூடத்தில் எழுதுகிற கொப்பி கொடுத்த அந்தப் படத்தை எடுத்துப் பாருங்கள். நீங்கள் அழகாகத்தான் இருக்கிறீர்கள். பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் பெயர் என்ன? சரி, அதை விடுங்கள். படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி உங்கள் விரல்களை மட்டும் பாருங்கள்.

கொப்பியை இன்னும் பிடித்துக்கொண்டுதானே இருக்கின்றன?