அண்ணன் மீனுக்குக் கிடைத்த விடுதலை

நகோன் பதோம்
ஞாயிறு காலை

என் மதிப்புக்குரிய அண்ணன் கம்போன் அவர்களுக்கு,

தம்பி தவின் கைகூப்பி எழுதுவது. சியாங் மாயில் உங்கள் மகளும் பிறந்த குழந்தையும் சௌக்கியமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் வீட்டுக்காரி லம்துவானும் சௌக்கியம். உங்கள் சண்டை மீன்களைப் பற்றியும் அப்படியே எழுத ஆசைதான், கை வரமாட்டேன் என்கிறது.

போட்டிக்குப் போகவேண்டிய ஆண் மீன் தோங்கைப் பெண் ஜோடியோடு தொட்டியில் விட்டு, "தவின், சும்மா பாத்துக்க, கையை மட்டும் உள்ள விட்டுடாத" என்று சொல்லிப் போனீர்கள். சின்ன வயதில் சைக்கிளைக்கூட என்னை நம்பித் தராதவர். அதனாலேயே இந்தத் தடவை கண் கொட்டாமல் பார்த்தேன். நீங்கள் போட்ட வாதுமைச் சருகு ஊறித் தண்ணீர் கஷாயமாகக் கிடக்கிறது, எனக்கோ கண்ணாடி போட்டாலும் இரண்டு மீனும் ஒன்றாகத்தான் தெரிகிறது, நேற்று தோங் ஊதிக் கட்டிய நுரைக்கூட்டில் முட்டைகள் ஒட்டியிருக்க, அவற்றை ஒன்று லபக் லபக்கென்று விழுங்கியது, ஐயோ பெற்ற தகப்பனே தின்கிறானே, இந்தக் கொழுப்பு தோங்குக்குத்தான் வரும் என்று அதைப் பிடித்துப் பாட்டிலில் போட்டுச் சமையல் மேடையில் வைத்தேன். பெண் மீன் சருகுக்கடியில் ஒளிந்துகொண்டது.

அன்றைக்குப் பார்த்து லம்துவானுக்குப் பிறந்தநாள். கோயில் படித்துறையில் விட்டுப் புண்ணியம் தேட, சந்தையில் வாங்கிய விலாங்கையும் விராலையும் அவளும் அதே மேடையில்தான் வைத்திருந்தாள். திரும்பி வந்து, "பாட்டில்ல இருந்ததையும் சேத்து விட்டுட்டேன். பாவம், ஒத்தையில அடைஞ்சு கிடந்துச்சு" என்கிறாள். கொசுவலையோடு கால்வாய்க்கு ஓடினேன். பிக்கு பார்த்துவிட்டு, "விட்ட உயிரைத் திரும்பப் பிடிக்கிறீங்களே, உங்க வீட்டம்மா புண்ணியம் என்ன ஆகும்?" என்று துரத்திவிட்டார்.

வீட்டுக்கு வந்தால், தகப்பனில்லாத கூட்டிலிருந்து முட்டைகள் உதிர்ந்தபடி இருந்தன. உறிஞ்சுகுழாயை வைத்து நானே நுரை ஊதினேன். "பெத்த பிள்ளைக்கு ஒருநாள் பால் ஆத்திக் குடுத்ததில்ல, மீன் முட்டைக்கு ஊதுறதைப் பாரு" என்று லம்துவான் சிரிக்கிறா. சிரிக்கட்டும். எனக்கு மூச்சு வாங்குது அண்ணா. தோங் போச்சு, போட்டி போச்சு, இனிமே ஒரு துரும்பைக்கூட என்னை நம்பிக் குடுக்க மாட்டீங்க. திட்டுங்க, அடிங்க, பேசாம மட்டும் இருந்துடாதீங்க.

அண்ணிக்கு என் வணக்கம். புத்தர் அருளால் குழந்தை நோய்நொடி இல்லாமல் வளரட்டும்.

உங்கள் முகத்தில் விழிக்க அஞ்சும் தம்பி,
தவின்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். மீன் வளர்க்கும் பக்கத்து வீட்டுப் புன்மா இப்போதுதான் வந்து எட்டிப் பார்த்தான். "சித்தப்பா, தோங் இங்கதான இருக்கான்! உதிர்ற முட்டையை வாயால பொறுக்கிக் கூட்டுல வைக்கிறான் பாருங்க. தின்னது பொம்பள. முட்டை போட்டதும் அவளை எப்படியும் வெளிய எடுக்கணும்" என்றான். ஆக, நான் செய்தது சரிதான் அண்ணா! அடுத்த தடவையும் என்னிடமே விட்டுப் போங்கள். ஒன்றே ஒன்றுதான் உறுத்துகிறது. புன்மா சொன்னது லம்துவான் காதிலும் விழுந்துவிட்டது. "ஐயையோ, புருசன் பொண்டாட்டியைப் பிரிச்ச பாவம் எனக்கு வேணாம்" என்று புலம்பிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரமாகச் சத்தமே இல்லை. போய்ப் பார்த்தேன். தொட்டியில் தோங்கைக் காணோம், வாசலில் அவள் செருப்பையும் காணோம்.